உளுந்து அடித்த ஜெர்மன் வண்டி

அந்தக் காரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. ஊரில் எல்லோரும் ‘ஜெர்மன்’ என்றார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். என் மாமியார் சகாயம்மாள் மட்டும் ‘அந்தச் சனியன்’ என்பார். பூசைக்குப் போய்விட்டு வந்த வாயாலேயே சொல்வார்.

என் வீட்டுக்காரர் அடைக்கலராஜ் குவைத்தில் பதினோரு வருஷம் ஒரே முதலாளியிடம் டிரைவராக இருந்தார். எங்கள் மகள் ஜூலியட் பிறந்தபோது அவர் அங்கே. அவள் நடை பழகியபோதும், முதல் நற்கருணை வாங்கியபோதும் அங்கேதான். ஆறு மா நிலத்தையும் மாமியாரையும் பிள்ளையையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். போன வருஷம் அக்டோபர் கடைசியில் வந்தவர், பெட்டியைக் கீழே வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை, “இனிமே போகல எல்சி” என்பதுதான்.

நம்பினேன். ஆனாலும் மனிதர் விசாவை ரத்து செய்யாமல்தான் வந்திருந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பழைய வேலை அப்படியே இருக்கும், ஏப்ரல் தாண்டினால் விசா செத்துப்போகும். அது செத்துத் தொலையட்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டேன். அதற்குள் இங்கேயே பிழைக்க ஒரு வழி பிடித்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் டிராக்டர் வாங்கச் சொன்னேன். அவர் கார் வாங்கினார்.

பெங்களூரில் எவனோ விற்றது. பத்து வருஷத்துக் கார். புதிதாக இருந்தபோது எங்கள் தெருவில் பாதியை விற்றாலும் வாங்க முடியாத விலை. இப்போது ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குக் கொடுத்தான். குவைத் முதலாளி வைத்திருந்ததும் அதே வகைதான், அதே கறுப்பு.

“இவ்வளவு சல்லிசா ஒருத்தன் ஏன் விக்கிறான்னு கேட்டீங்களா?” என்றேன்.

“பணக்காரங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவ வண்டிய மாத்துவாங்க எல்சி. இந்த வண்டி எனக்கு உள்ளங்கை மாதிரி. அத்தன வருஷத்துல ஒரு நாள் நின்னதில்ல.”

நின்றிருக்காதுதான். அங்கே குறித்த நாளில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வருவான். வேறொரு காரை விட்டுவிட்டு இதை எடுத்துப் போவான். கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விடுவான். உள்ளே எதைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள், பில் எவ்வளவு என்பதெல்லாம் முதலாளி ஆபீசுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது ஸ்டியரிங் மட்டும்தான். ஓட்டுவது வேறு, கட்டி மேய்ப்பது வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன், அது கணக்கில் வராது.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் யோசனை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரிய கார் கேட்கிறார்கள், முகூர்த்த மாதங்களில் ஓட்டினால் வருஷம் முழுக்கச் சாப்பிடலாம் என்றார். பூண்டி மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தோம். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, “நல்ல வண்டி” என்று பானெட்டைத் தட்டினார். மாமியார் அன்றைக்கே சனியன் என்று சொல்ல ஆரம்பிக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் ஆனது.

முதலில் பெட்ரோல். திருக்காட்டுப்பள்ளிக்குப் போய் மீன் வாங்கி வந்தால் மீன் விலையைவிடப் பெட்ரோல் விலை கூடுதல். ஆயிலைக் குடிக்கவும் செய்தது, ஒழுகவும் செய்தது. அப்புறம் ஒரு டயர் வெடித்தது. தஞ்சாவூரில் அந்த அளவு டயரே இல்லை, சென்னையிலிருந்து வந்தது. எனக்கு நெல் கணக்குத்தான் வரும். மூன்று மா ஒரு ஏக்கர். அந்த ஒரு டயர் ஒரு மா நெல்லைத் தின்றது. முன்பக்கத்துப் பிரேக் இரண்டு மா. எதையோ ‘சென்சார்’ என்றார்கள். கட்டைவிரல் அளவுகூட இல்லை, அது ஒரு மா. சம்பா அறுத்து முடிப்பதற்குள், பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து, ஆறு மாவும் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் காரைச் சக்கரத்தின் மேல் தாங்க ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைதான். ராத்திரி நன்றாக நிறுத்திவிட்டுப் போவார். காலையில் பார்த்தால் காற்று இறங்கி ஒரு பக்கமாக எருமை போலப் படுத்திருக்கும். தெருவில் போகிறவர்கள், “என்ன எல்சி, உங்க வண்டி இன்னும் எந்திரிக்கலியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் “ஞாயித்துக்கெழமல்ல, தூங்குது” என்பேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

ஜூலியட்டுக்கு மட்டும் அந்த வண்டி உயிர். அப்பா பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவாள். பிறந்ததிலிருந்து, லீவு நாட்களைத் தவிர, போனில் மட்டும் பார்த்த அப்பா. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். “அப்பா, மஞ்சள் என்ஜின் வந்திருச்சு.” “அப்பா, காத்துப் பை லைட்டு.” மனிதர் ஒவ்வொன்றுக்கும் “அது சும்மாம்மா, எப்பவும் வர்றதுதான்” என்பார். முக்கால்வாசி நேரம் அது சும்மாதான் எரியும். ஒரு வாரம் எரியும், தானே அணைந்துபோகும். இரண்டு பேரும் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். அந்த ஒரு விஷயத்துக்காக அந்த வண்டியை மன்னித்துவிடலாம் என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றியிருக்கிறது.

தை மாதம் தஞ்சாவூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு கிடைத்தது. காரை ஜாதிமல்லியால் ஜோடித்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். முன்னால் நாயனமும் தவிலும், பின்னால் இது. காற்றாய்ப் பறப்பதற்கென்று செய்த வண்டியை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினால் அது என்ன செய்யும்? கொதித்தது. நடு ரோட்டில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. நின்றதோடு இல்லை, கியரும் பிரேக்கும் பூட்டிக்கொண்டன.

மாப்பிள்ளையின் மாமா வந்து கேட்டாராம். “ஏன் தம்பி, நியூட்ரல்ல போட்டுத் தள்ள முடியாதா?”

“முடியாதுங்க. எல்லாம் எலக்ட்ரானிக்.”

“அப்ப எதுக்குய்யா இது? எங்க மச்சான் டிவிஎஸ்ல உக்கார வச்சே கூட்டிட்டு வந்திருப்பமே.”

மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தே போனார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கை கழுவப் போனவர் ரொம்ப நேரம் குழாயடியிலேயே நின்றார். அதற்குப் பிறகு கல்யாண வாடகைக்கு யாரும் கூப்பிடவில்லை.

தஞ்சாவூரில் மெக்கானிக் துரைராசுவிடம் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். அவர் எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுக்கும்போதே எனக்குச் சகுனம் சரியில்லை.

“அக்கா, உள்ளதச் சொல்லிடறேன். இத நான் தொடல. திருச்சிக்கோ சென்னைக்கோதான் அனுப்பணும். ஒண்ண மாத்துனா அடுத்தது போவும். இந்த வண்டி வச்சிருக்கவங்க ரெண்டு வண்டி வச்சிருப்பாங்க. ஒண்ணு ஒர்க்‌ஷாப்புல நிக்கும், இன்னொண்ணுல ஆபீசுக்குப் போவாங்க.”

“நாங்க ஆபீசுக்குப் போகலியே தம்பி” என்றேன்.

“அதான்க்கா சொல்றேன். வித்துடுங்க.”

திருச்சியில் கொதிக்கிற சீக்கைச் சரிசெய்தார்கள். அதற்குச் சேமிப்பில் மிச்சமிருந்ததும் என் கழுத்துச் செயினும் போயின. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தபோது முழுத் தொகையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எதிராளி வண்டிக்கு மட்டும் ஈடு கிடைக்கிற மலிவான இன்சூரன்சைப் போட்டோம். நிற்கிற நேரம்தான் அதிகம், நிற்கிற வண்டிக்கு என்ன ஆகிவிடும்?

விற்பதற்கு நெட்டில் போட்டார். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வந்த விடலைகள், மீதிப் பேர் எங்களைவிட விவரமானவர்கள். பங்குனி போனது. குவைத்திலிருந்து முதலாளி இரண்டு முறை பேசிவிட்டார். மூன்றாவது முறை, “வர்றியா, வேற ஆள் வைக்கட்டுமா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்கிறேன் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமைதான் நௌஷாத் வந்தார். திருச்சியில் பழைய கார் வாங்கி விற்கிறவர். வாய் ஜாலம் இல்லாத மனிதர். என்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடியில் படுத்துப் பார்த்தார். நாங்கள் வாங்கிய விலையில் பாதிதான் சொன்னார், ஆனால் அந்தப் பாதி போதும். பக்கத்து ஊரில் ஒருவர் மண்ணைப் புரட்டும் ரோட்டவேட்டரோடு டிராக்டரை விற்பதாக இருந்தார். அந்தப் பணத்தைக் கொடுத்தால் குறுவை உழவுக்கு டிராக்டர் எங்கள் வாசலில் நிற்கும்.

“திங்கக்கெழம லாரியோட வர்றேன் சார். முழுப் பணமும் கையில தந்துட்டு ஏத்திக்கிறேன்” என்ற நௌஷாத், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். “அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன்.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து, “விசா போனாப் போவுது” என்றார். அந்த வார்த்தைக்காக நான் அரை வருஷம் காத்திருந்தேன். அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தோம். எதிர்வீட்டுத் தங்கையன் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார். எங்கள் பக்கம் அது வழக்கம். சம்பாவுக்குப் பின் வயலில் விளைந்த உளுந்தைப் பிடுங்கிக் காயவைத்து, தார் ரோட்டில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போகும், நெற்று வெடித்து உளுந்து கீழே உதிரும். டிரைவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் இரண்டு தரம் முன்னும் பின்னும் போய்விட்டே போவார்கள். அன்றைக்கு ஞாயிறு என்பதால் பஸ் ஒன்றுதான். டிராக்டர்களெல்லாம் வேறு வயலுக்குப் போயிருந்தன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் உளுந்து முளைத்துவிடும், வருஷத்து வேலை போச்சு.

தங்கையன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, கேக்கறனேன்னு நெனைக்காத. அந்த ஜெர்மன ஒரு நாலு தரம் மேல ஓட்டி விடேன். மழை வந்துட்டா அவ்வளவும் போயிடும்.”

“என்னங்க, சாவியத் தொடக் கூடாதுன்னு அவரு அவ்வளவு சொன்னாருல்ல” என்றேன் நான், தங்கையன் காதில் விழும்படியாகவே.

என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எல்சி, நான் இல்லாதப்ப நம்ம வயலுக்குத் தண்ணி கட்டுனது யாரு? அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தன்னிக்குத் தூக்கிட்டு ஓடுனது யாரு?”

தங்கையன்தான். இரண்டுக்கும் தங்கையன்தான்.

“இந்த வண்டி வந்ததுலேருந்து யாருக்கும் ஒரு உபகாரம் பண்ணல. போறதுக்கு முன்னாடி ஒண்ணாவது பண்ணிட்டுப் போவட்டுமே.”

ஜூலியட் அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கார் உளுந்தின் மேல் ஏறியது. படபடவென்று நெற்று வெடிக்கிற சத்தம். தங்கையனின் மனைவி பிரகதாம்பாள் கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட, அது போனது, பின்னால் வந்தது, மறுபடி போனது. நானூறு குதிரை சக்தி என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் பெருமை பேசுவார். அந்த நானூறு குதிரையும் சேர்ந்து எங்கள் தெருவில் உளுந்து மிதித்தன. வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். மாமியார்கூட வெளியே வந்து, “பரவால்லயே, சனியனுக்கு ஒரு வேல தெரியுதே” என்றார். என் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் ஊருக்கு வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன்.

அந்த வண்டி தாழ்ந்த வண்டி. சருகாகக் காய்ந்த செடி அடியில் திரண்டு, சுற்றி, புகைக்குழாயோடு ஒட்டிக்கொண்டதை வெளியே இருந்த எங்களில் யாரும் பார்க்கவில்லை. உள்ளே ஜூலியட் சொன்னாளாம், “அப்பா, செவப்பு லைட் வந்திருச்சு” என்று.

“அது எப்பவும் வர்றதுதான்மா” என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் வாசம்தான் வந்தது, உளுந்து வறுக்கிற வாசம். பிரகதாம்பாள்தான், “எறங்குங்க, எறங்குங்க, அடியில நெருப்பு” என்று கத்தினார். என் வீட்டுக்காரர் பிள்ளையை இழுத்துக்கொண்டு குதித்தார். அதற்குள் கீழே இருந்த உளுந்துச் செடியும் பற்றிக்கொண்டது. மேட்டூர் அணையை அடைத்து எத்தனையோ நாளாகிவிட்டது, வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டுக் குடம் குடமாக ஓடி ஊற்றினோம். மண்ணை அள்ளிப் போட்டோம். தங்கையன் காரை விட்டுவிட்டு உளுந்தைக் காப்பாற்றப் போகவில்லை, உளுந்தை விட்டுவிட்டுக் காருக்குத்தான் மண் அள்ளினார். அதை நான் மறக்க மாட்டேன். தீயணைப்பு வண்டி வந்தபோது அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மழை வரவே இல்லை. மேகம் அப்படியே ஒரத்தநாட்டுப் பக்கம் போய்விட்டது.

நௌஷாத்துக்குப் போன் செய்து சொல்ல என் வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் சொன்னபடி லாரியோடு வந்து நின்றார். கறுப்புக் காரைத் தேடினார், கரிக்கட்டையைப் பார்த்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகலல்ல?”

“இல்லைங்க.”

“அல்லா காப்பாத்துனான். இன்சூரன்ஸ் ஃபுல்லா போட்டிருந்தீங்களா சார்?”

“எதிராளி வண்டிக்கு மட்டும்தாங்க” என்றார் என் வீட்டுக்காரர். நௌஷாத் நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “இனி எடைக்குத்தான் போடணும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காலி லாரியோடு போனார். லாரி தெருமுனை திரும்பும்வரை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே வந்தார்.

“பாஸ்போர்ட்ட எங்க வச்ச எல்சி?”

“பீரோல. பைபிளுக்குக் கீழ.”

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, அதனால் எல்லோர் மேலும் பட்டேன். பெங்களூர்க்காரன் மேல், மழை மேல், தீர்த்தம் தெளித்த சாமியார் மேல்கூட. தங்கையன் மேல் பட முடியவில்லை. அவர் இரண்டு நாள் கழித்து ஒரு பையில் உளுந்து கொண்டுவந்து வாசல்படியில் வைத்தார். தீ எட்டாத பக்கத்தில் கூட்டி அள்ளியது.

“நான் கேட்டிருக்கக் கூடாது தம்பி.”

“விடுங்கண்ணே. வண்டி என்னோடது, ஓட்டுனவன் நான்” என்றார் இவர்.

புறப்படுகிற அன்று காலை அந்த உளுந்தைப் போட்டுத்தான் இட்லி அவித்தேன். எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவியும் லேசாகப் புகை வாசம் இருந்தது. அவர் முழுதும் சாப்பிட்டார். ஜூலியட் தட்டைத் தொடவில்லை. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் வந்தது. பெயிண்ட் உரிந்த பழைய வண்டி, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது.

போன வாரம் வீடியோ காலில் வந்தார். முதலாளி புதுக் கார் வாங்கியிருக்கிறார், அதே கம்பெனி. ஏதோ பெரிய கடை வாசலில் முதலாளிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். காரை ஓடவிட்டு, போனைத் திருப்பி ஸ்டியரிங்குக்குப் பின்னால் காட்டினார்.

“பாத்தியா எல்சி? ஒரு லைட்டுகூட எரியல.”

எனக்கு வயிறு எரிந்தது. இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் லீவு. அதற்குள் ஜூலியட் பெரிய மனுஷியாகிவிடுவாள். அதையும் அவர் போனில்தான் பார்ப்பார். ஜூலியட் என் கையிலிருந்து போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“எரியுதுப்பா. செவப்பு. சீட் பெல்ட் போடுங்க.”

அவர் போட்டுக்கொண்டார். பிறகு முதலாளி வருகிறார் என்று போனை வைத்துவிட்டார்.